தபாலில் வந்த சோதனைச்சாலை

சங்கீதத்தைக் கடிதம் மூலம் கற்றுக்கொள்ள முடியுமா? நீந்துவதற்குப் புஸ்தகம் படித்தால் போதுமா? "அதெப்படி முடியும்?" என்று உடனே கேட்டுவிடுவோம். ரஸாயனம், பௌதிகம், ஜீவ சாஸ்திரம் முதலிய விஞ்ஞானப் படிப்புக்களும் ஏறக்குறைய இந்த வகையைச் சேர்ந்தவைதான். சரித்திரம் படிக்கிறவருக்குப் புஸ்தகமும் சந்தடியில்லாத ஒரு மூலையும் இருந்தால் போதும். விஞ்ஞானம் படிக்கிறவருக்கோ தராசு வேண்டும், கண்ணாடிக் குழாய் வேண்டும், உஷ்ணமானி வேண்டும். இவற்றையெல்லாம் கையாண்டு, நாலு குழாய்களை உடைத்து, தவறாக அளந்து, மறுபடியும் அளந்து பழக வேண்டும். கலாசாலைகளில் இதற்கென்றே பெரிய கூடங்களைக் கட்டி, காஸ் அடுப்பும் நீர்க்குழாயும் அமைத்து, கண்காணிக்க ஆட்களையும் நியமித்திருக்கிறார்கள்.

சரி, கலாசாலைக்கு வர முடியாதவர்கள் என்ன செய்வது?

வர முடியாதவர்கள் யார் யார் என்று சற்று எண்ணிப் பாருங்கள். பதினெட்டு வயதிலேயே குடும்ப பாரத்தைத் தோளில் ஏற்றிக்கொண்டு ஆபீஸுக்குப் போக நேர்ந்த மூத்த பிள்ளை, கல்யாணமாகி இடுப்பில் கைக்குழந்தையுடன் நிற்கும் பெண், கால் வழங்காதவர், எந்தக் கலாசாலைக்கும் எட்டாத மலையோரக் கிராமத்து உபாத்தியாயர். இப்படிப்பட்டவர்களுக்குத் தபால் மூலம் பாடம் அனுப்பும் ஏற்பாடு நமது நாட்டில் 1962-ஆம் வருஷம் டில்லி சர்வகலாசாலையில் ஆரம்பமாயிற்று. பின்னர் மற்றச் சர்வகலாசாலைகளும் அதே வழியில் இறங்கின. ஆனால் அவை அனுப்பி வந்த பாடங்களின் ஜாபிதாவைப் பார்த்தால், இலக்கியம், சரித்திரம், பொருளாதாரம், வர்த்தகம் என்றுதான் பெரும்பாலும் நீண்டுகொண்டு போகும். விஞ்ஞானம் ஒரு மூலையில் ஒதுங்கி நிற்கும். "சோதனைச்சாலைக்கு எங்கே போவது?" என்ற கேள்விதான் அதன் வழியை மறித்தது.

இதன் பலன் என்ன? பகல் வேளையைப் படிப்புக்கென்று ஒதுக்க வசதியுள்ளவர்களுக்கு அணுவும் ஜீவ அணுவும். மற்றவர்களுக்குக் காவியமும் கணக்குப் பேரேடும் என்று ஆகிவிடுகிறது. காவியம் மட்டமானது என்று நான் சொல்ல வரவில்லை. ஒருவர் எதைப் படிப்பது என்பதை அவருடைய புத்தியும் ஆசையும் தீர்மானிக்க வேண்டுமே தவிர, அவர் வீட்டுக்கும் கலாசாலைக்கும் இடையேயுள்ள தூரம் தீர்மானிக்கலாமா என்றுதான் கேட்கிறேன்.

இந்தத் தூரத்தைக் கடப்பதற்கு இங்கிலாந்திலே ஒரு பெரிய முயற்சி நடந்தது. அந்த வரலாறு நமக்கு மிகவும் உபயோகமானது, ருசிகரமானதுங்கூட.

ஆகாய சர்வகலாசாலை

1963-ஆம் வருஷம் செப்டம்பர் மாதத்தில் கிளாஸ்கோ நகரில் நடந்த ஒரு கூட்டத்தில், தொழிற்கட்சித் தலைவர் ஹெரால்ட் வில்ஸன் ஓர் யோசனையை வெளியிட்டார். ரேடியோ, டெலிவிஷன், தபால் ஆகியவற்றைக் கொண்டு ஓர் 'ஆகாய சர்வகலாசாலை' ஏற்படுத்த வேண்டும் என்பது அந்த யோசனை. அடுத்த வருஷம் அவர் பிரதம மந்திரியானார். காரியத்தை நடத்தும் பொறுப்பு ஜென்னி லீ என்ற அம்மையாரிடம் வந்து சேர்ந்தது. இந்த அம்மையார் ஸ்காட்லாந்தில் நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை செய்த ஒருவருடைய மகள். ஏழைகளுக்கு என்று சொல்லி இரண்டாந்தரப் படிப்பு ஒன்றை நீட்டுவதை அவர் அடியோடு வெறுத்தார். கொடுத்தால் மற்றச் சர்வகலாசாலைகளுக்கு எவ்விதத்திலும் குறையாத பட்டமாகக் கொடுக்க வேண்டும் என்று பிடிவாதமாக நின்றார்.

பரிகாசம் செய்தவர்களுக்குக் குறைவில்லை. எதிர்க்கட்சிப் பிரமுகரான இயன் மக்ளியாட் இது வெறும் பைத்தியக்காரத்தனம் என்ற கருத்தை ஒளிக்காமல் வெளியிட்டார். 1970-இல் அவருடைய கட்சியே பதவிக்கு வந்து, அவரே நிதி மந்திரியும் ஆனார். ஆனால் ஒரு மாதத்துக்கெல்லாம் காலமாகிவிட்டார். கல்வி மந்திரியாக வந்த மார்கரெட் தாட்சர் அம்மையார் புதிய சர்வகலாசாலையை வாழ விட்டார். அரசியலில் இப்படியும் சில அதிர்ஷ்டங்கள் உண்டு.

'ஓபன் யூனிவர்ஸிடி', அதாவது திறந்த சர்வகலாசாலை, 1969-இல் ராஜ சாஸனம் பெற்றது. எடின்பரோவில் மருந்தியல் பேராசிரியராயிருந்த வால்டர் பெர்ரி முதல் வைஸ் சான்ஸலரானார். 1971 ஜனவரியில் சுமார் 24,000 மாணாக்கர்களுடன் பாடங்கள் தொடங்கின. சேருவதற்கு முன்பரீட்சை எதுவும் தேறியிருக்க வேண்டியதில்லை. சேர்ந்தவர்களில் உபாத்தியாயர்கள், குமாஸ்தாக்கள், தொழிலாளிகள், குடும்ப ஸ்திரீகள் எல்லாரும் இருந்தார்கள்.

தபாலை நம்பி ஆரம்பித்த இந்தச் சர்வகலாசாலைக்கு முதல் மாதத்திலேயே ஒரு சோதனை வந்தது. ஜனவரி 20-ஆம் தேதி பிரிட்டனின் தபால் ஊழியர்கள் வேலை நிறுத்தம் செய்தார்கள். மார்ச்சு முதல் வாரம் வரையில் தபாலே கிடையாது! பாடப் புஸ்தகங்களை வண்டிகளில் ஏற்றி ஊர் ஊராக அனுப்ப வேண்டியதாயிற்று. விஞ்ஞானப் பகுதியில் இந்தச் சிரமம் இன்னும் அதிகம். ஏனென்றால் அங்கே அனுப்ப வேண்டியது காகிதம் மட்டுமல்ல.

பெட்டிக்குள் என்ன?

முதல் நான்கு பாடப் பகுதிகளுள் விஞ்ஞானமும் ஒன்று. அதற்குத் தலைவராக வந்தவர் மைக் பென்ட்ஸ். தென்னாப்பிரிக்காவைச் சேர்ந்த பௌதிகர். ஜினீவாவிலுள்ள அணு ஆராய்ச்சி நிலையத்தில் வேலை பார்த்தவர். அவரும் அவருடைய சகாக்களும் செய்த முடிவு துணிச்சலானது. மாணாக்கர் சோதனைச்சாலைக்கு வர முடியாவிட்டால், சோதனைச்சாலை மாணாக்கரிடம் போகட்டும் என்று தீர்மானித்தார்கள்.

ரேடியோ ரிப்பேர் கற்பிக்கும் அமெரிக்கத் தபால் பள்ளிகள் முன்பே கம்பியும் வால்வும் பார்சலில் அனுப்பிக்கொண்டிருந்தன என்பது உண்மைதான். ஆயினும் சர்வகலாசாலைப் பட்டத்துக்குரிய ரஸாயனமும் பௌதிகமும் ஜீவ சாஸ்திரமும் பூகர்ப்ப சாஸ்திரமும் ஒரே பெட்டியில் அடைபட்டு ஆயிரக்கணக்கான வீட்டு வாசல்களில் போய் இறங்கியது புதிய விஷயம். பெட்டியைப் பெறுவதற்கு மாணாக்கர் ஒரு முன்பணம் கட்ட வேண்டும். வருஷ முடிவில் பெட்டி திரும்பி வர வேண்டும். உடைந்ததை மாற்றி, தீர்ந்ததை நிரப்பி, துடைத்துச் சுத்தம் செய்து, அடுத்த வருஷத்து மாணாக்கருக்கு அனுப்புவார்கள். நம் வீடுகளில் அண்ணன் படித்த புஸ்தகத்துக்கு அட்டை போட்டுத் தம்பிக்குக் கொடுப்பதில்லையா, அதுபோல.

அந்தப் பெட்டியில் இருந்த இரண்டு பொருள்களைப் பற்றி மட்டும் விரிவாகச் சொல்லுகிறேன்.

முதலாவது ஒரு மைக்ராஸ்கோப்பு. சாதாரண மைக்ராஸ்கோப்பு கனமானது. ஒரு முழம் உயரம் நிற்பது. விலையோ கேட்க வேண்டாம். அதை ஆயிரக்கணக்கில் பார்சல் அனுப்புவது நடக்கிற காரியமா? இங்கேதான் ஜான் மக்கார்தர் என்ற வைத்தியர் வந்து உதவினார். போர்னியோத் தீவின் காடுகளில் மலேரியாவைப் பற்றி ஆராய்ச்சி செய்தவர் அவர். காட்டுக்குள் தூக்கிச் செல்ல வசதியாக, 1930-க்குப் பிந்திய வருஷங்களில், ஒரு காமிராவைவிடப் பெரிதல்லாத மைக்ராஸ்கோப்பை அமைத்திருந்தார். அதன் ரகசியம் இதுதான்: கண்ணுக்கும் பொருளுக்கும் இடையே ஒளி நேராகப் போக வேண்டுமென்ற அவசியமில்லை. பட்டைக் கண்ணாடிகளைக் கொண்டு ஒளியின் பாதையை மடக்கிவிட்டால் நீண்ட குழாய் தேவைப்படாது. பார்க்க வேண்டிய பொருளைத் தாங்கிய கண்ணாடித் துண்டைத் தலைகீழாக மேலே வைத்துவிட்டால், மற்றதெல்லாம் உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். இதையே பிளாஸ்டிக்கில், குறைந்த செலவில், திறந்த சர்வகலாசாலைக்காகச் செய்து கொடுத்தார்கள். கொசுவை வேட்டையாடப் பிறந்த கருவி, வீட்டு மேஜைமேல் வெங்காயத் தோலைப் பார்க்க உபயோகமாயிற்று.

இரண்டாவது, நிறமானி. இதன் தத்துவத்தை நம் வீட்டுக் காப்பியைக் கொண்டே விளக்கிவிடலாம். டிகாக்ஷன் நீர்த்திருக்கிறதா, கெட்டியாயிருக்கிறதா என்று டம்ளரை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தே சொல்லிவிடுகிறோம் அல்லவா? நிறம் எவ்வளவு அடர்த்தியோ, அவ்வளவுக்கு அதன் வழியே வரும் வெளிச்சம் குறைவு. நிறமானியில் ஒரு சிறு விளக்கு, ஒரு வர்ணக் கண்ணாடி, வெளிச்சத்தை மின்சாரமாக மாற்றும் ஒரு கண், அந்த மின்சாரத்தைக் காட்டும் ஒரு முள், இவ்வளவுதான் உண்டு. நடுவில் திரவத்தை வைத்தால் எத்தனை பங்கு வெளிச்சம் விழுங்கப்பட்டது என்பதை முள் காட்டும். திரவத்தில் கரைந்துள்ள பொருளின் அளவை அதிலிருந்து கணக்கிட்டுவிடலாம். நாக்கும் கண்ணும் தோராயமாகச் சொல்வதை இந்தக் கருவி எண்ணால் சொல்லுகிறது.

அடுத்துவந்த வருஷங்களில் பெட்டியின் சாமான்கள் பெருகின. மூளையைப் பற்றிய பாடம் எடுத்துக்கொண்டவர்களுக்குப் பதப்படுத்திய ஆட்டு மூளையே வந்து சேர்ந்தது! அதை அறுத்துப் பார்த்துப் பாகங்களை அடையாளம் கண்டு எழுத வேண்டும். நம்மூர்ச் சைவக் குடும்பம் ஒன்றில் இந்தப் பார்சலைப் பாட்டி பிரித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை வாசகர்களின் ஊகத்துக்கே விட்டுவிடுகிறேன்.

வேடிக்கை இருக்கட்டும். இந்தச் சோதனைகளின் விடைகளெல்லாம் புஸ்தகத்திலேயே அச்சாகியிருக்கின்றனவே. அவற்றை மறுபடியும் செய்து பார்ப்பதற்கு இத்தனை சாமானும் செலவும் எதற்கு என்று சிலர் கேட்கக்கூடும். இதற்கு நூறு வருஷத்துக்கு மேற்பட்ட ஒரு பதில் இருக்கிறது. லண்டனில் புஸ்தகம் கட்டும் கடையொன்றில் மைக்கேல் பாரடே என்ற பையன் வேலை பழகிக்கொண்டிருந்தான். ஜேன் மார்ஸெட் என்ற சீமாட்டி, முக்கியமாகப் பெண்களுக்கென்று, சம்பாஷணை வடிவில் எழுதி 1806-இல் வெளியிட்ட ரஸாயனப் புஸ்தகம் அவன் கைக்கு வந்தது. அவன் படித்ததோடு நிற்கவில்லை. தன் சொற்பச் சம்பளத்தில் வாங்கக்கூடிய பொருள்களைக் கொண்டு, அதில் சொல்லியிருப்பது மெய்தானா என்று செய்து பார்த்தான். மெய்யாகவே இருந்தது. அன்று முதல் அந்தப் புஸ்தகத்தின்மேல் அவனுக்கு நம்பிக்கை பிறந்தது. பிற்காலத்தில் மின்சார இயந்திரங்களுக்கெல்லாம் ஆதாரமான உண்மையைக் கண்டுபிடித்த பாரடே இவர்தான். 'பெரியவர்கள் சொல்லுகிறார்கள், ஆகையால் நம்புகிறேன்' என்பதற்கும், 'நானே பார்த்தேன், ஆகையால் நம்புகிறேன்' என்பதற்கும் உள்ள வித்தியாசம் கொஞ்சமா?

கோடை வாரம்

பெட்டிக்குள் எல்லாவற்றையும் அடைத்துவிட முடியாது. கடும் திராவகங்களை வீட்டுக்கு அனுப்பக் கூடாது. குழந்தைகள் இருக்கும் இடம். விலையுயர்ந்த கருவிகளையும் அனுப்ப இயலாது. ஆகவே திறந்த சர்வகலாசாலையார் இன்னொரு ஏற்பாடும் செய்தார்கள். கோடை விடுமுறையில் மற்றச் சர்வகலாசாலைகளின் கட்டிடங்கள் சும்மா கிடக்கின்றன அல்லவா? அவற்றை வாடகைக்கு எடுத்து, மாணாக்கர்களை ஒரு வாரம் அங்கேயே தங்கச் செய்து, காலை முதல் இரவு வரை சோதனைகளை நடத்தினார்கள். ஆரம்பப் பாடம் படித்த எல்லோரும் அந்தக் கோடைப் பள்ளிக்குப் போய்த் தீர வேண்டுமென்பது விதி. வருஷம் முழுவதும் தனியே திணறியவர்கள் தம்மைப் போன்ற நூறு பேரைக் கண்டதும், "இந்தச் சோதனை உங்களுக்கும் சரியாக வரவில்லையா?" என்று கேட்டுக்கொண்டதும் அங்கேதான். சொல்லப்போனால், இந்தச் சகவாசமே பாதிப் படிப்பு என்பது என் அபிப்பிராயம்.

உத்தியோகம் பார்ப்பவனுக்குச் சோதனைச்சாலைக் கதவைத் திறந்து வைத்தால் என்ன நடக்கும் என்பதற்கு அந்நிய நாட்டு உதாரணம் நமக்குத் தேவையே இல்லை. திருச்சிராப்பள்ளியில் பிறந்து, சென்னை ராஜதானிக் கலாசாலையில் எம்.ஏ. தேறிய ஸி. வி. ராமன், 1907-இல் பத்தொன்பது வயதுக்குள் நிதி இலாகா உத்தியோகஸ்தராகக் கல்கத்தாவுக்குப் போனார். பகலெல்லாம் சர்க்கார் கணக்கு. மஹேந்திரலால் ஸர்க்கார் என்ற வங்காள வைத்தியர் 1876-இல் ஸ்தாபித்த இந்திய விஞ்ஞான வளர்ச்சிச் சங்கத்தின் பெயர்ப் பலகை பௌபஜார் வீதியில் அவர் கண்ணில் பட்டது. அங்கே கருவிகள் இருந்தன, உபயோகிப்பார்தான் இல்லை. ஆபீஸுக்கு முன்னால் விடியற்காலையிலும், ஆபீஸ் விட்ட பிறகு இரவிலும் அவர் அங்கே ஆராய்ச்சி செய்தார். இடையில் ரங்கூனுக்கும் நாகபுரிக்கும் மாற்றலானபோது வீட்டிலேயே ஒரு பகுதியைச் சோதனைச்சாலையாக்கிக் கொண்டார் என்று அவருடைய சரித்திரம் எழுதியவர்கள் கூறுகிறார்கள். இப்படியே பத்து வருஷம்! 1917-இல்தான் உத்தியோகத்தை உதறிவிட்டுப் பேராசிரியரானார். 1930-இல் நோபல் பரிசு வந்தது. அந்தச் சங்கத்தின் கதவு சாயங்காலம் ஐந்து மணிக்கெல்லாம் சாத்தப்படும் கதவாயிருந்திருந்தால்? நினைத்தாலே மனம் பதைக்கிறது.

திரையில் ஒரு சோதனை

காலம் மாறிற்று. பெட்டி அனுப்பும் செலவு ஏறிற்று. ரஸாயனப் பொருள்களைப் பார்சலில் அனுப்புவது பற்றிய சட்டங்களும் கடுமையாயின. அதே சமயத்தில் கம்ப்யூட்டரும் இன்டர்நெட்டும் வீடு தேடி வந்தன. திறந்த சர்வகலாசாலையிலும் பெட்டிகள் படிப்படியாகக் குறைந்தன. கோடைப் பள்ளிகளும் சுருங்கின. அவற்றின் இடத்தைத் திரை பிடித்துக்கொண்டது.

திரையில் நடக்கும் சோதனைகளில் இரண்டு வகை உண்டு. இரண்டையும் ஒன்றாக எண்ணுவது பெரிய பிசகு. ஒன்று, பாவனைச் சோதனை. திரையில் குழாயும் திராவகமும் சித்திரமாகத் தோன்றும், நீங்கள் விரலால் தொட்டால் நிறம் மாறும், அளவு தெரியும். எல்லாம் முன்பே கணக்கிட்டு வைத்த விடைகள். மற்றொன்று, தூரச் சோதனை. இதில் கருவி மெய்யானது. எங்கோ ஒரு சோதனைச்சாலையில் மெய்யாகவே இருக்கிறது. நீங்கள் வீட்டிலிருந்து கட்டளை அனுப்பினால் அது இயங்கி, மெய்யான அளவுகளைத் திருப்பி அனுப்பும். அமெரிக்காவில் மாஸச்சூஸெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தார் 1998-இல் டிரான்ஸிஸ்டர்களைச் சோதிக்கும் கருவியொன்றை இவ்வாறு இன்டர்நெட்டில் இணைத்தார்கள். பின்னர் உகாண்டா, நைஜீரியா, டான்ஸானியா ஆகிய ஆப்பிரிக்க நாடுகளின் சர்வகலாசாலை மாணாக்கர்களும் இத்தகைய தூரச் சோதனைகளில் பங்கு கொண்டார்கள். இங்கிலாந்தின் திறந்த சர்வகலாசாலையோ ஒரு டெலிஸ்கோப்பையே இப்படி வைத்திருக்கிறது. அது முன்னர் மஜோர்க்கா தீவில் இருந்தது; பிறகு கானரித் தீவுகளைச் சேர்ந்த டெனரீப் மலைமேல் ஏறிவிட்டது. மாணாக்கர் இங்கிலாந்தில் மழைக்குப் பயந்து ஜன்னலைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தபடியே அங்குள்ள நட்சத்திரங்களைப் படம் பிடிக்கிறார்.

டெனரீப் மலையிலும் சில இரவுகளில் மேகம் கவியத்தான் செய்யும். அப்போது டெலிஸ்கோப்பின் கூரை மூடிக்கொள்ளும். மாணாக்கர் காத்திருக்க வேண்டியதுதான். பாவனைச் சோதனையில் மேகம் கிடையாது. அங்கே தராசு ஆடுவதில்லை, குழாய் உடைவதில்லை, உஷ்ணமானியை ஒருவர் சாய்த்துப் பார்த்து ஒரு டிகிரி கூட்டிச் சொல்வதில்லை. எல்லாம் புஸ்தகத்தில் சொன்னபடியே நடந்துவிடுகிறது. அப்படியானால் புஸ்தகத்தையே படித்துவிடலாமே!

பாவனைச் சோதனைக்காரர்கள் இதற்கு ஒரு பதில் வைத்திருக்கிறார்கள். இம்மாதிரி முறைகளைப் பற்றி வெளியான பல ஆராய்ச்சிகளைத் தொகுத்துப் பார்த்து 2015-இல் ஒரு கட்டுரை வந்தது. பாவனையிலும் தூரச் சோதனையிலும் படித்தவர்கள், நேரில் சோதனை செய்தவர்களுக்குச் சமமாகவோ மேலாகவோ தேறியிருப்பதாகப் பெரும்பாலான ஆராய்ச்சிகள் காட்டின. இதைப் புறக்கணித்துவிட முடியாது. ஆனால் அவர்களை எப்படிப் பரீட்சித்தார்கள் என்று பார்க்க வேண்டும். பெரும்பாலும் எழுத்துப் பரீட்சையால். பாட விஷயம் தெரிந்திருக்கிறதா என்றுதான் கேட்டார்கள். கை பழகியிருக்கிறதா, தவறு நேர்ந்தால் கண்டுபிடிக்கத் தெரிகிறதா என்று சோதித்தது சொற்பம். சமையல் புஸ்தகத்தை ஒப்பித்தவளுக்கும் சமையல் செய்தவளுக்கும் எழுத்துப் பரீட்சை வைத்தால், ஒப்பித்தவள்தான் முதல் வகுப்பில் தேறுவாள்! ரசம் வைக்கச் சொன்னால் அல்லவா விஷயம் தெரியும்?

இதனால் பாவனைச் சோதனை வேண்டாம் என்று சொல்லவில்லை. வெடிக்கக்கூடியவை, விஷமுள்ளவை, கோடிக்கணக்கில் செலவாகக் கூடியவை, ஆயிரம் வருஷத்தில் நடப்பவை ஆகியவற்றுக்கு அதைவிட்டால் வேறு வழியில்லை. மெய்யான சோதனைச்சாலைக்குள் நுழைவதற்கு முன்னால் ஒரு முறை ஒத்திகை பார்ப்பதற்கும் அது உகந்தது. ஒத்திகையே நாடகமாகிவிடக் கூடாது என்பதுதான் என் கட்சி.

வீட்டிலிருந்து படிப்பவர்களிடம் வேறொரு பலமும் இருக்கிறது. அதைப் பலரும் கவனிப்பதில்லை. அவர்கள் நாடெங்கும் சிதறிக் கிடக்கிறார்களே, அதுவே ஒரு பலம். கலாசாலை மாணாக்கர் நூறு பேரும் ஒரே தோட்டத்து நத்தையைத்தான் பார்க்க முடியும். 2009-இல், டார்வின் பிறந்து 200 வருஷம் நிறைந்ததை ஒட்டி, திறந்த சர்வகலாசாலையார் முன்னின்று ஐரோப்பாவில் 15 தேசங்களின் மக்களைக் கொண்டு நத்தைக் கணக்கெடுப்பு ஒன்றை நடத்தினார்கள். அவரவர் ஊர்த் தோட்டத்திலும் வேலியோரத்திலும் உள்ள நத்தைகளின் ஓடு மஞ்சளா, சிவப்பா, அதில் எத்தனை கோடுகள் என்று பார்த்து அனுப்ப வேண்டும். பழைய குறிப்புகளோடு ஒப்பிட்டு, பூமி உஷ்ணமடைந்துவருவதாலும், நத்தை தின்னும் பறவைகள் குறைந்ததாலும் ஓட்டின் நிறம் மாறியிருக்கிறதா என்று ஆராய்ந்தார்கள். இந்தச் சோதனையை நான்கு சுவர்களுக்குள் எந்த மகா பண்டிதராலும் செய்ய முடியாது.

நமது நாட்டில்

1985-இல் பார்லிமெண்டுச் சட்டத்தின் மூலம் இந்திரா காந்தி தேசியத் திறந்த சர்வகலாசாலை ஏற்பட்டது. பி.எஸ்ஸி. பட்டத்துக்கும் அது வழி செய்தது. பெட்டி அனுப்பும் முறையை அது பெரிதாகக் கைக்கொள்ளவில்லை. நம் தேசத்தின் பரப்பையும் மாணாக்கர் தொகையையும் பார்த்தால் அதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. ஆங்காங்கேயுள்ள கலாசாலைகளைப் படிப்பு மையங்களாக்கி, அவற்றின் சோதனைச்சாலைகளிலேயே ஒரு வாரமோ இரண்டு வாரமோ தொடர்ச்சியாகச் சோதனை வகுப்பு நடத்துவது அதன் வழக்கம். புஸ்தகப் பாடத்துக்கு வராவிட்டாலும் பாதகமில்லை. சோதனை வகுப்புக்குக் கட்டாயம் வந்தாக வேண்டும். கடலுக்கு அப்பால் இலங்கையில் 1980-இல் தோன்றிய திறந்த சர்வகலாசாலையும் விஞ்ஞானத்தையும் பொறியியலையும் கற்பித்து வருகிறது.

இந்த ஏற்பாடு நல்லதுதான். ஆனால் இரண்டு வாரம் லீவு கொடுக்க எத்தனை முதலாளிகள் சம்மதிப்பார்கள்? கைக்குழந்தையை யாரிடம் விட்டு வருவது? வெளியூரிலிருந்து வரும் பெண் எங்கே தங்குவது? வகுப்பு நடத்துகிறவர்கள் இவற்றையும் தங்கள் பொறுப்பாக எண்ணினால்தான் 'கட்டாயம்' என்ற சொல் மாணாக்கரை வெளியே தள்ளும் சொல்லாக ஆகாமலிருக்கும். மையத்திலே ஒரு தொட்டிலும் ஓர் ஆயாவும் இருப்பது, ஒரு புதிய தராசு வாங்குவதைவிடச் சில சமயங்களில் விஞ்ஞானத்துக்கு அதிகம் உதவும்.

பாவனைச் சோதனைகளும் நம்மிடம் நிறைய உண்டு. மத்திய சர்க்காரின் பொருளுதவியுடன் இந்தியத் தொழில்நுட்பக் கழகங்கள் பலவும், கோயம்புத்தூரைத் தலைமையிடமாகக் கொண்ட அமிர்த விசுவ வித்யாபீடமும் சேர்ந்து அவற்றைத் தயாரித்து, யார் வேண்டுமானாலும் செலவில்லாமல் உபயோகிக்கும்படி இன்டர்நெட்டில் வைத்திருக்கின்றன. 2020-இல் கொள்ளை நோயால் கலாசாலைகள் மூடப்பட்டபோது உலகம் முழுவதும் எல்லா மாணாக்கர்களுமே வீட்டிலிருந்து படிப்பவர்கள் ஆகிவிட்டார்கள். அதுவரையில் ஒரு சிலருடைய கஷ்டமாயிருந்தது, அன்று எல்லோருடைய கஷ்டமுமாயிற்று. இத்தகைய திரைச் சோதனைகள் அப்போது மிகவும் கைகொடுத்தன.

ஆனாலும் பெட்டி முறையை நாம் கைவிட்டுவிட வேண்டியதில்லை. அதற்குக் காரணம் காகிதத்தால் ஆன ஒரு கருவி. மீரட்டில் பிறந்து, கான்பூர்த் தொழில்நுட்பக் கழகத்தில் படித்து, அமெரிக்காவில் ஸ்டான்போர்டு சர்வகலாசாலையில் ஆசிரியராயிருக்கும் மனு பிரகாஷ் என்பவரும் அவருடைய மாணாக்கர்களும் 'போல்ட்ஸ்கோப்' என்ற ஒன்றை அமைத்து, 2014-இல் அதன் விவரங்களை வெளியிட்டார்கள். கெட்டிக் காகிதத்தில் அச்சிட்ட பாகங்களைக் கிழித்தெடுத்து, குழந்தைகள் கப்பல் செய்வதுபோல் மடித்துச் செருகினால் ஒரு மைக்ராஸ்கோப்பு தயார். அதில் பொருத்தியிருக்கும் கண்ணாடி மணி கடுகைப் போன்றது. ஆனால் பொருளைச் சுமார் 140 மடங்கு பெரிதாக்கிக் காட்டும். சாமான் செலவு ஒரு டாலருக்கும் குறைவு என்று கணக்கிட்டிருந்தார்கள். மக்கார்தர் ஒளியை மடித்தார். மனு பிரகாஷ் காகிதத்தை மடித்தார். 2015-இல் இந்திய சர்க்காரின் உயிர்த் தொழில்நுட்ப இலாகாவும் இந்தக் கருவியை நம் நாட்டில் பரப்புவதற்காக அவரோடு ஒப்பந்தம் செய்துகொண்டது. இதைப் பெட்டியில் வைத்து அனுப்ப வேண்டுமென்பது கூட இல்லை. ஒரு தபால் உறைக்குள்ளேயே போய்விடும்.

கோயில் குளத்திலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் எடுத்துக் கண்ணாடித் துண்டில் விட்டு, அந்தக் காகிதக் கருவிக்குள் செருகிக் கண்ணோடு ஒட்ட வைத்து ஜன்னல் பக்கம் திரும்ப வேண்டும். முதலில் ஒன்றும் தெரியாது. அநேகமாக எல்லோரும் முதலில் பார்ப்பது தங்கள் கண்ணிமை மயிரைத்தான். காகிதத்தை இரண்டு கட்டை விரல்களாலும் மெதுவாக நகர்த்தி, அழுத்தி, தளர்த்திக்கொண்டே இருக்க வேண்டும். ஐந்து நிமிஷம் ஆகலாம். அரைமணி நேரமும் ஆகலாம். பிறகு பச்சை நூல் ஒன்று தெளிவாகத் தெரியும்; அதற்குள் சிறு சிறு அறைகள் தெரியும். அதன் பக்கத்தில், செருப்பின் அடிப்பாகம் போன்ற உருவத்துடன், கண்ணாடிபோல் ஊடுருவித் தெரியும் ஏதோ ஒன்று, குறுக்கே விரைந்து ஓடும்.